உரசினால் பற்றிய மரமீன்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, பெயின்ட் அறைக்குள் கால் வைத்த அன்றே என்னைப் பற்றி யாராவது உங்கள் காதில் போட்டிருப்பார்கள். கோபக்காரி, வாய் நீளம், வேலையை விட்டு நின்ற பிறகும் வாசலில் வந்து நின்று குறை சொல்லுகிறவள் என்று. எல்லாம் உண்மைதான். மரமீனுக்கு வர்ணம் கலக்கவும் கண் வரையவும் உங்களுக்குச் சொல்லித்தர இப்போது ஆள் இருக்கிறது; அதில் நான் தலையிடப் போவதில்லை. ஒரே ஒரு நாளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் முழுசாக இறங்கவில்லை.

நயா பைசா புழக்கத்துக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம். ஆமத்தூரில் சாலையை ஒட்டி இருந்தது நம் பட்டறை. அப்போது அது வெறும் கடைசல் பட்டறை. கட்டில் கால், தொட்டில் கட்டை, பம்பரம் இவைதான் தொழில். தூத்துக்குடியிலிருந்து அந்தோணி என்ற வள்ளக்காரர் ஒருவர் பாய்க்கயிற்றுக்குக் கப்பி கடையக் கொடுக்க வந்தார். வந்தவர் மடியிலிருந்து ஒரு பழைய மரமீனை எடுத்துக் காட்டினார். எந்தக் காலத்திலோ கப்பலில் வந்த ஒரு துரை விட்டுப் போனதாம். வர்ணம் உரிந்து, ஒரு கண் போய், உடம்பெல்லாம் மீன் பல் பட்ட தழும்பு. வள்ளம் ஓடும்போது இதைக் கயிற்றில் கட்டிப் பின்னால் விட்டால், அடிபட்ட மீன் மாதிரி நெளிந்து நெளிந்து வருமாம். சீலா, பாறை மாதிரிப் பெரிய மீன்கள் அதை நிஜ மீன் என்று நம்பி ஓடிவந்து கவ்வுமாம்.

"இதே மாதிரி செஞ்சு தர முடியுமா?" என்று கேட்டார்.

கருவாட்டைத் தவிர வேறு கடல் மீனைக் கண்டிராத ஊர் எங்களுடையது. முதலாளி சிரித்துவிட்டார். ஆனால் மேஸ்திரி சிரிக்கவில்லை. அவர் பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது, அதனால் மேஸ்திரி என்றே சொல்கிறேன். தீப்பெட்டி செய்கிற ஆபீஸில் குச்சி மருந்து கலக்கும் அறையில் பல காலம் இருந்துவிட்டு, இருமல் தாங்காமல் கடைசலுக்கு வந்தவர். அந்தக் கிழட்டு மீனை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். தீக்குச்சி வெட்ட லோடு லோடாக வரும் பெருமரக் கட்டையில் அதே அளவுக்குக் கடைந்தார். கமலைக் கிணற்று வாய்க்காலில் போட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையில் ஓடினார். வயல்காட்டில் நின்றவர்கள் எல்லாம், "மேஸ்திரி, வானம் பாத்த பூமியில எம்புட்டுப் பெரிய மீன் மாட்டுச்சு?" என்று கேலி செய்தார்கள். அவர் மீனின் வாய்ச் சரிவைச் செதுக்கிச் செதுக்கி, வயிற்றில் ஈயத்தைக் கூட்டிக் குறைத்து, ஒரு நாள் அதை நெளிய வைத்துவிட்டார்.

அப்படித்தான் நமக்கு மீன் ஆர்டர் வந்தது. தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த என்னையும் செல்லத்தாயியையும் இன்னும் சில பெண்களையும் வர்ணம் பூசச் சேர்த்தார்கள்.

முதல் மீன்களை வாங்கிப் போக அந்தோணி அண்ணாச்சி வந்தபோது ஒரு காரியம் செய்தார். அதை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். தூண்டில் முள்ளைக் கட்டுவதற்கான ஓட்டையை நாங்கள் போட்டுக் கொடுக்கக் கூடாது என்றார். எந்த இடத்தில் ஓட்டை என்பது ஒவ்வொரு வள்ளக்காரருக்கும் ஒவ்வொரு கணக்கு. சம்மணம் போட்டு உட்கார்ந்து, மீனை மடியில் தொடைகளுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, கங்கில் பழுக்கக் காய்ந்த கம்பியை எடுத்து, மீனின் மேல் முகத்தைக் குனிந்து, வாயால் புகையை ஊதிக்கொண்டே துளைத்தார். கம்பி கொஞ்சம் தப்பினால் வயிற்றில் இருக்கும் ஈயம் உருகிவிடும். அதனால்தான் அவ்வளவு கிட்டத்தில் முகம். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். "என்ன தங்கச்சி, நீங்க பெத்த புள்ளைக்கு நான் காது குத்துதேன்" என்று சொல்லி எங்களைச் சிரிக்க வைத்தார்.

இனி அந்த நாள்.

மீனுக்கு முதலில் வெள்ளைப் பூச்சு பூசுவோம். சீமைச் சுண்ணாம்புப் பொடியை வஜ்ஜிரப் பசையில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, மேலே வெள்ளி வர்ணம். பொடி பழைய மண்ணெண்ணெய் டின்னில் இருக்கும். அதன் பக்கத்தில் அச்சு அசலாக இன்னொரு டின் இருந்தது. முதலாளியின் மச்சான் சின்னதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ் நடத்தினார். அங்கே இடம் இல்லை என்று, கொஞ்சம் குளோரேட்டைச் சத்தமில்லாமல் எங்கள் பட்டறையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். தீக்குச்சியின் தலையில் ஏற்றும் மருந்துக்கு உயிரே அந்த வெள்ளை உப்புதான். அந்த டின்னின் கைப்பிடியில் அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் வேறு எச்சரிக்கை தேவையில்லை. சிவப்புத் துணி கட்டியதைத் தொடக்கூடாது என்று நடக்கப் பழகும்போதே தெரியும்.

அன்று காலை உப்புத்தாள் தீர்ந்துவிட்டது. காய்ந்த மீன்கள் கூடையில் காத்துக் கிடந்தன. செல்லத்தாயி கழிவுக் குவியலிலிருந்து தீப்பெட்டிப் பக்கவாட்டு மருந்துப்பட்டை ஒன்றை எடுத்தாள். குச்சி உரசுவோமே, அந்தச் சொரசொரப்பான பட்டைதான். அதைக் கண்டு நீங்கள் திகைக்க வேண்டாம். எங்கள் ஊர்ப் பெண்கள் குதிகால் தேய்ப்பதும் அரிவாள்மனைத் துருவை எடுப்பதும் அதில்தான். கழிவுப்பட்டை எல்லா வீட்டிலும் கிடக்கும். மீனின் வாயோரம் ஒரு பிசிறு நின்றது. பட்டையை அதில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

மீன் பற்றிக்கொண்டது.

விளக்குத் திரி மாதிரி மெல்ல இல்லை. சர்ரென்று சீறிக்கொண்டு, வாயிலிருந்து வால் வரைக்கும் ஒரே வெள்ளைத் தீ. செல்லத்தாயி அதை விடவில்லை. என்ன நடக்கிறது என்று புரிந்தால்தானே விடுவதற்கு? எரியும் மீனைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் எழுத முடியவில்லை. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் குடிதண்ணீர்ப் பானைக்குள் கையோடு அமுக்கினேன். பானை உடைந்தது. அப்போதுதான் அவள் கத்தினாள்.

எல்லாப் பெண்களும் எழுந்துவிட்டார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மீன். உதறிவிட்டு ஓடப் போகிறார்கள். கடைசலில் இருந்து மேஸ்திரி அதட்டினார்.

"போடாதீக! வைங்க! கையில இருக்கிறத அப்பிடியே கீழ வைங்க. ஒண்ணோட ஒண்ணு உரசாம வைங்க. வச்சுட்டு வெறுங்கையோட வெளிய வாங்க."

போடாதீக, வைங்க. அந்த நேரத்தில் அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தை யோசிக்க ஒரு மனுஷனால் முடிந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது. வைத்தோம். வெளியே வந்தோம்.

வெளியே நின்ற பிறகுதான் வாசனை மூக்கில் ஏறியது. அது என்ன வாசனை என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தீக்குச்சி வாசனை. பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் அதை முகர்ந்துதான் வளர்ந்திருக்கிறோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பெருமரக் கட்டை, வஜ்ஜிரம், குளோரேட். தீக்குச்சிக்கும் இதே சரக்குதான். சாமி, நாங்கள் இவ்வளவு நாளும் மீனா செய்துகொண்டிருந்தோம்?

மேஸ்திரி உள்ளே போய்ப் பார்த்தார். இரண்டு டின்களிலும் பொடி குறைந்திருந்தது. எதிலும் சிவப்புத் துணி இல்லை. துணி கிடைத்த இடம் எங்கள் பிரஷ் கூடை. பிரஷ் துடைத்துத் துடைத்து வெள்ளி வர்ணம் ஏறி, விறைத்துப் போய்க் கிடந்தது. யார் அவிழ்த்தது? அந்தக் கூடை எல்லோருக்கும் பொது. அவிழ்த்தவளுக்கே ஞாபகம் இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். கைக்கு ஒரு கந்தல் தேவைப்பட்டது, கண்ணில் பட்டதை அவிழ்த்திருப்பாள். அதன் பிறகு சுண்ணாம்புப் பொடி தீரத் தீரப் பக்கத்து டின்னிலிருந்தும் அள்ளிக் கலந்திருக்கிறோம்.

செல்லத்தாயியை வண்டி கட்டி விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அதற்குள் முதலாளி வந்துவிட்டார். மேஸ்திரி ஒரு மீனையும் விடாமல் மாட்டுத் தொட்டித் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டிருந்தார். முதலாளி அலறினார்.

"என்னய்யா பண்றீக? ஒரு சீசன் உழைப்பு! நல்லதும் அதுல கெடக்குமே!"

"எது நல்லதுன்னு நீங்க தொட்டுக் காட்டுங்க மொதலாளி. அத மட்டும் எடுத்து வச்சிருதேன்."

முதலாளி தொடவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று விடிந்ததும் முதல் பஸ்ஸின் மேலே ஒரு பெட்டி மீனை ஏற்றி அனுப்பியிருந்தோம். தூத்துக்குடிக்கு. அந்தோணி அண்ணாச்சிக்கு. என் கண் முன்னால் அவருடைய மடியும், குனிந்த முகமும், பழுத்த கம்பியும் வந்து நின்றன. முதலாளியிடம் ஓடினேன்.

"மொதலாளி, காலையில போன பெட்டி..."

அவருக்கும் முகம் வெளுத்தது. ஆனால் பயம் வேறு பக்கம் போயிற்று. பட்டறையில் குளோரேட் இருந்தது வெளியே தெரிந்தால் போலீஸ் வரும், மச்சானின் லைசென்ஸ் போகும். "அது கடலுக்குத்தானம்மா போகுது. தண்ணியில கெடக்கப் போற மீனு எப்பிடி எரியும்?" என்றார்.

"தண்ணிக்குப் போறதுக்கு முன்னாடி அவரு மடிக்குல்ல போகும்!" என்று நான் கத்திவிட்டேன். முதலாளியைப் பார்த்துக் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. பிறகு அது பழகிவிட்டது.

தந்தி அடிக்கலாம் என்றார் முதலாளி. மேஸ்திரி வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "தந்தின்னா எழவுன்னு வீட்டுல அழுக ஆரம்பிச்சிருவாக. வாசிச்சுச் சொல்ல ஆளு தேடணும். அதுக்குள்ள அவரு கம்பியக் காய்ச்சிருவாரு." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீயும் வா தாயி. நான் ஒருத்தன் போயி சொன்னா, யாவாரத்துல ஏதோ தில்லுமுல்லுன்னு நெனப்பாக. பூசுன கை வந்து சொன்னாத்தான் எடுபடும்."

அத்தாட்சிக்கு ஒரு மீனை எடுத்துக்கொள்ளலாம் என்று நான் போனேன். "பஸ்ஸுல பீடி குடிப்பாக" என்று சொல்லித் தட்டிவிட்டார். வெறுங்கையோடு விருதுநகர் போய் பஸ் பிடித்தோம். சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம். வழியெல்லாம் கரிசல் வெயில். எதிரே வந்த ஒவ்வொரு பஸ்ஸையும், ஏதோ சேதி கொண்டு வருகிறது என்பது மாதிரி பார்த்தேன்.

கடற்கரையில் இறங்கி விசாரித்துப் போனபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. ஒரு வள்ளத்தின் நிழலில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சட்டி நிறையக் கங்கு. அதில் கம்பி. அந்தோணி அண்ணாச்சி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் நம் மீன்.

நான் போட்ட சத்தத்தில் நிமிர்ந்தார்.

"யாரு, ஆமத்தூர்த் தங்கச்சியா? என்ன இம்புட்டுத் தூரம் வந்திருக்கிய?"

மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். மருந்து கலந்துவிட்டது, கம்பியை வைக்காதீர்கள், பற்றிக்கொள்ளும் என்று. அவர் சிரித்தார். பக்கத்தில் துளைத்து முடித்த மீன்கள் கிடந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார்.

"இதெல்லாம் இப்ப சுட்டதுதான். ஏதாச்சும் பத்திச்சா? வேற யாரோ நல்ல ஆர்டர் தந்துட்டாவளா? மீனத் திருப்பி வாங்க வந்தியளா? சொல்லுங்க, பரவால்ல."

மேஸ்திரி தன் பங்குக்குச் சொல்லிப் பார்த்தார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மரமீன் வெடிக்குமாம், சிவகாசிப் பக்கத்து ஆள் எதைத் தொட்டாலும் வெடியாம். அண்ணாச்சி கம்பியை எடுத்தார். நுனி பழுத்திருந்தது. அடுத்த மீனின் மேல் குனிந்தார்.

சட்டியைக் காலால் எத்திவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். எத்தியிருக்கலாம். எங்கள் பஸ் போன பிறகு மறுபடியும் கங்கு போட்டிருப்பார். இன்றைக்குத் தடுத்தால் நாளைக்குத் துளைப்பார். அவர் நம்ப வேண்டும், வேறு வழியே இல்லை.

மடியிலிருந்த மீனைப் பிடுங்கினேன். கீழே கிடந்த சிப்பி ஒன்றை எடுத்து அதன் வாயோரத்து வர்ணத்தை, உள்ளே வெள்ளைப் பூச்சு தெரியச் சுரண்டினேன். "தீப்பெட்டி குடுங்க" என்றேன். யாரோ சிரித்துக்கொண்டே நீட்டினார்கள். கையை நீட்டிப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, குச்சியை உரசுவது மாதிரி மீனை உரசினேன். ஒன்றும் இல்லை. இன்னொன்றை எடுத்துச் சுரண்டி உரசினேன். அதுவும் ஒன்றும் இல்லை. சிரிப்பு பெரிதாயிற்று. எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அவர் அடுத்துத் துளைக்க எடுத்து வைத்திருந்ததை எடுத்தேன்.

அது சீறிக்கொண்டு பற்றியது. வீசினேன். மணலில் விழுந்தும் அணையவில்லை. வெள்ளி வர்ணம் பட்ட இடமெல்லாம் கண் கூசப் பொரிந்தது. கடைசியில் மணலில் ஒரு கரிக்கட்டை கிடந்தது. என் முன்கை ரோமம் கருகியிருந்தது.

அண்ணாச்சி கையில் இருந்த கம்பி மணலில் விழுந்தது. அவர் தன் மடியைப் பார்த்தார். பிறகு கன்னத்தைத் தடவிப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார். என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"மிச்சத்துல எதெது நல்லது, எதெது கெட்டது?"

"தெரியாது அண்ணாச்சி."

"செஞ்சது நீங்கதான? உங்களுக்கே தெரியாதா?"

பிள்ளைகளே, வாங்குகிறவன் கேட்கக்கூடிய கேள்விகளில் இதைவிடக் கேவலமானது ஒன்று இல்லை. அவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைக்குள் நடந்தார். இடுப்பளவு தண்ணீரில் நின்று அத்தனையையும் கொட்டினார். நாங்கள் பெருமூச்சு விட்டோம். விட்டு முடிப்பதற்குள் மீன்கள் திரும்பி வரத் தொடங்கின. மிதப்பதற்காக அல்லவா கடைந்தோம்! முதுகு மேலே, வயிறு கீழே, ஒன்றுகூடக் கவிழாமல், வெள்ளி மின்ன நெளிந்து நெளிந்து கரைக்கு வந்தன. குப்பத்துப் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு பொறுக்க ஓடிவந்தார்கள். கடவுளே, அந்த ஓட்டம் நாங்கள் ஓடியது! பிள்ளைகள் கையிலிருந்து பிடுங்கி, மடியில் கட்டியதை அவிழ்க்க வைத்து, அழவிட்டு, ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். அண்ணாச்சி சாக்கில் கட்டி, கல்லை உள்ளே போட்டு, வள்ளத்தில் கொண்டுபோய் ஆழத்தில் இறக்கிவிட்டு வந்தார். எங்களைப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டார். அவர் மனைவிதான் கூப்பிட்டுச் சோறு போட்டார்.

ஊர் திரும்பியதும் மேஸ்திரி செய்த முதல் காரியம், அந்தக் குளோரேட் டின்னை முதலாளியின் மச்சான் தலையிலேயே தூக்கி வைத்து அனுப்பியது. செல்லத்தாயிக்குப் புண் ஆறியது. இரண்டு விரல் மடங்கவே இல்லை. மீன் வேலை அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மறுபடியும் கட்டில் கால் கடைந்தார்கள். நாங்கள் பம்பரத்துக்குச் சாயம் பூசினோம்.

அடுத்த சீசன் தொடங்கும்போது அந்தோணி அண்ணாச்சி பட்டறை வாசலில் வந்து நின்றார். எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதலாளி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் உட்காரவில்லை.

"மீன் வேணும். வேற எவன் செஞ்சதையும் சீலா தொடமாட்டேங்கு" என்றார். "ஆனா இனிமே ஓட்டைய நான் போடமாட்டேன். எடத்த நான் காட்டுதேன். நீங்க போடணும். மடியில வச்சு, நான் பாக்க."

மேஸ்திரி துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். "நான் போடுதேன், வாங்க."

"நீங்க கடையுதவரு. பூசுனவுக போடட்டும்."

பூச்சு இந்தத் தடவை மேஸ்திரி கண் முன்னால் குழைத்தது. சுண்ணாம்பைத் தவிர வேறு பொடி அந்தக் கூரைக்குக் கீழேயே கிடையாது. எல்லாம் தெரியும். தெரிந்தும் மீன்கள் தயாரான அன்று ஒருத்தியும் நகரவில்லை. நான் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மீனை மடியில் இடுக்கினேன். என் இரண்டு கையும் சேர்ந்துதான் அதை அசையாமல் பிடிக்க முடிந்தது. கம்பியை யார் வைப்பது?

செல்லத்தாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மடங்காத விரல்களோடு கம்பியின் பிடியை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்துக் கங்கிலிருந்து எடுத்தாள். என் எதிரே குத்துக்கால் வைத்து உட்கார்ந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கண்ண மூடாத. பாரு" என்றாள்.

பார்த்தேன். பழுத்த கம்பி வர்ணத்தைத் தொட்டது. பொசுங்கியது. உள்ளே இறங்கியது. மரம் கருகும் வாசனை வந்தது. வெறும் மரம் கருகும் வாசனை. கம்பி மறுபக்கம் வந்துவிட்டது. அவள் அதை இழுத்து எடுத்தாள்.

அந்தோணி அண்ணாச்சி என் மடியிலிருந்து மீனை எடுத்தார். ஓட்டையைக் கண்ணில் வைத்து, வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். தன் பெட்டிக்குள் வைத்தார்.

"அடுத்தது" என்றார்.